ஒரு யூனிட் என்ன விலை? சூரிய மின் ஆராய்ச்சிக்கு மலையகத்திலிருந்து அரசுப் பணம் கேட்கும் விதம்

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தபோது அதோடு இரண்டே வரிதான் இருந்தது: “இது கொள்வனவு. இதில் ஆராய்ச்சிக் கேள்வி எதுவும் இல்லை.”

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் சிறிய சோலார் கம்பனியில் அப்போது ஏழு பேர். மூன்று வாரம் இரவிரவாக விழித்திருந்து எழுதிய விண்ணப்பம் அது. கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து, வேறு யாரோ எழுதியதைப் போல எண்ணிக்கொண்டு அதை மறுபடி வாசித்தேன். கேட்டிருந்த பணத்தில் பத்தில் எட்டுப் பங்கு பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் போயிருந்தது. மதிப்பிட்டவர் சொன்னது சரி.

அடுத்த வருடம் கிடைத்தது. அதற்குப் பிறகு பண்டாரவளை, தலவாக்கலை, நாவலப்பிட்டி என்று சோலார் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் பலர் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: “அக்கா, எப்படி எழுதினீங்க?” ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

இது எந்தப் பணம்?

இந்த இடத்தில்தான் நாங்கள் தடுக்கி விழுந்தோம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சூரிய மின்சாரத்துக்கு அரசு வழியாக வரும் பணம் பலவகை. 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசுத் திட்டம் வீட்டுக் கூரைகளை மின்சார சபையின் வலையமைப்போடு இணைத்தது. முதல் ஏழு வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபா, அதற்குப் பிறகு 15 ரூபா 50 சதம் என்று, சபை வாங்கும் விலையை அன்று வைத்தார்கள். கூரைச் சோலார் கடனுக்காக ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் 50 மில்லியன் டொலர் கொடுத்தது. இந்திய உதவியோடு 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளுக்குப் பேனல் போடும் திட்டமும் வந்தது. எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் இவை கூரையில் பேனலை ஏற்றும் பணம்.

ஆராய்ச்சிப் பணத்தின் வேலை வேறு. இன்று ஒரு கூரையில் ஒரு யூனிட் செய்ய 21 ரூபா செலவென்றால், இன்னும் ஐந்து வருடத்தில் அதே மாதிரியான நூறு கூரைகளில் அதை 15 ரூபாவுக்குக் கொண்டுவர என்ன தெரிய வேண்டும்? அந்த ‘என்ன தெரிய வேண்டும்’ என்பதற்குத்தான் பணம் தருகிறார்கள். உங்கள் கூரை அதில் ஒரு பரிசோதனைக் கூடம் மட்டுமே.

இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்குள்ள எரிசக்தித் திணைக்களம் 2007 மார்ச்சில் தொழிற்துறை தலைமை தாங்கும் 13 குழுக்களைத் தெரிந்தெடுத்தது. மூன்று வருடத்துக்கு 168 மில்லியன் டொலர் வரை அரசு தரும், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கம்பனிகள் தாங்களே போட வேண்டும் என்பது ஏற்பாடு. 2015 ஆகும்போது சூரிய மின்சாரம் வழமையான மின்சாரத்தோடு விலையில் போட்டி போட வேண்டும் என்பதுதான் இலக்கு. பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் குழுவில் இருந்தன, ஆனால் குழுவை நடத்தியது கம்பனி. பிறகு 2011இல் ‘சன்ஷொட்’ என்று பெரிய திட்டம் வந்தது. பெரிய மின் நிலையங்களில் ஒரு யூனிட்டை 2020க்குள் 6 சதத்துக்கு, அதாவது டொலரின் நூறில் ஆறு பங்குக்கு, இறக்க வேண்டும் என்றார்கள். 2017இலேயே அதை எட்டிவிட்டார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அவர்கள் ஒரு விலையை இலக்காக வைத்தார்கள். எந்தக் கருவி என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் முதல் விண்ணப்பத்தில் கருவிகளின் பட்டியல் இருந்தது, விலை என்ற சொல்லே இல்லை.

கொப்பியில் போடும் கணக்கு

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கொப்பியை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கீழே உள்ள ரூபாய்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் கையில் இருக்கும் விலைமனுவில் உள்ளதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் 40 கிலோவாட். போட 60 இலட்சம். எங்கள் பக்கத்து முகிலுக்கு ஒரு கிலோவாட் வருடத்துக்கு 1,100 யூனிட் தரும் என்று வைப்போம். மொத்தம் 44,000 யூனிட். வருடத்துக்குப் பராமரிப்பு 60,000 ரூபா. பத்தாம் வருடம் இன்வெர்ட்டர் மாற்ற 8 இலட்சம். பேனல் வருடத்துக்கு அரை வீதம் பலம் குறையும். இருபது வருடத்துக்குக் கூட்டினால் செலவு 80 இலட்சம், யூனிட் ஏறக்குறைய எட்டு இலட்சத்து நாற்பதாயிரம். ஒரு யூனிட் 9 ரூபா 50 சதம்.

பார்த்தால் சந்தோஷமான விலை. ஆனால் அந்த 60 இலட்சம் யாருடைய பணம்? 12 வீத வட்டிக்கு வாங்கியதென்றால் அதே யூனிட் 21 ரூபா ஆகிறது. 2022இல் இருந்ததைப் போல வட்டி 20 வீதத்தைத் தொட்டால் 30 ரூபாவைத் தாண்டுகிறது. கூரையும் அதே கூரை, பேனலும் அதே பேனல்.

இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரைக்கும் விலையைக் குறைக்க நல்ல பேனல் வேண்டும் என்றே நினைத்திருந்தேன். பேனல் விலையைச் சீனத்துத் தொழிற்சாலைகள் ஏற்கெனவே குறைத்துவிட்டன. ஹட்டனில் உட்கார்ந்து அதில் நாங்கள் செய்ய எதுவுமில்லை. வட்டி ஏன் கூடுகிறது? வங்கி முகாமையாளருக்கு மலைநாட்டு வெயிலில் நம்பிக்கை இல்லாததால். “உங்க பக்கம் எப்போ பார்த்தாலும் மூடுபனிதானே, தங்கச்சி” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவரிடம் காட்ட என்னிடம் எந்த அளவீடும் இல்லை.

அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுகூடம் 2003இல் இலங்கைக்குச் சூரிய வரைபடம் ஒன்று செய்தது. வறண்ட சமவெளிகளுக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 கிலோவாட் மணி வரை கிடைப்பதாக அதில் இருக்கிறது. மலைநாட்டில் முகிலால் அதைவிடக் குறைவு, அது உண்மை. ஆனால் அந்த வரைபடம் காட்டாத ஒன்று நம்ம பக்கம் இருக்கிறது: குளிர். சிலிக்கன் பேனல் சூடாக ஆகப் பலம் இழக்கும், ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.4 வீதம். ஹம்பாந்தோட்டையில் 30 பாகை வெயிலில் நிற்கும் பேனலும், 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் 18 பாகையில் நிற்கும் பேனலும் ஒரே வெளிச்சத்தில் ஐந்து வீதம் வித்தியாசப்படும். இப்படிப்பட்ட எண்களைத் தோட்டம் தோட்டமாக அளந்து, வங்கி நம்பக்கூடிய கோப்பாகக் கொடுப்பதே ஒரு ஆராய்ச்சிதான். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு வருடப் பொறுமை இருந்தால் போதும்.

கேள்வி எங்கே கிடைக்கும்

நல்ல கேள்வி அலுவலகத்தில் இருந்துகொண்டு யோசித்தால் வராது. எங்களுக்கு அது ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டு மாடியில், அதாவது பச்சைக் கொழுந்தைக் காற்றில் வாட்டும் மாடியில், இரவு இரண்டரை மணிக்கு வந்தது.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தே எங்களை வளர்த்தார். ஆனாலும் அந்தக் கொழுந்து இரவில் என்ன ஆகிறது என்று வளர்ந்து கம்பனி வைத்த பிறகுதான் பார்த்தேன். தேயிலை செய்யும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு படியேறினார். நீளமான தொட்டிகளில் கொழுந்து பரப்பிக் கிடக்கிறது, தொட்டியின் தலைமாட்டில் பெரிய விசிறி ஓடுகிறது. ஒரு கை கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தார். பந்து உடனே குலைந்து, இரண்டு மூன்று காம்புகள் நிமிர்ந்துகொண்டன. “இன்னும் ஒரு மணித்தியாலம்” என்றார். நாலு மணிக்கு மறுபடி பிடித்தார். இந்த முறை பந்து பந்தாகவே இருந்து, பிறகு பட்டுத்துணி விரிவதுபோல மெதுவாக அவிழ்ந்தது. விசிறியை நிறுத்தச் சொன்னார். வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கியது.

நான் சுவரில் இருந்த மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையின் மின்சாரத்தில் பெரும் பங்கு, சூரியன் இல்லாத நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் நாங்கள் போட நினைத்த 40 கிலோவாட்டும் நடுப்பகலில், தொழிற்சாலை அரைத் தூக்கத்தில் இருக்கும்போது வரும். மிச்சத்தை மின்சார சபைக்கு விற்றுவிட்டு இரவில் வாங்கலாம் என்பதுதான் அதுவரை எல்லோரும் சொன்ன வழி. 2025 சித்திரைப் புத்தாண்டின்போது, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொழிற்சாலைகள் மூடிய விடுமுறை நாட்களில் பகல் மின்சாரத்தை எடுக்க ஆள் இல்லை. விற்க முடியாத யூனிட் கணக்கில் வராது. செய்ததில் பாதி வீணானால் மிச்சப் பாதியின் விலை இரட்டிப்பாகும்.

அப்படியானால் விசிறியைப் பகலுக்கு நகர்த்த முடியுமா? கொழுந்து நாளொன்றுக்கு மூன்று தடவை நிறுத்து, மூன்று நிறுவையாக வருகிறது. காலை நிறுவைக் கொழுந்து முற்பகலிலேயே தொட்டிக்கு வந்துவிடும். வாட்டலின் முதல் பகுதியில், இலையின் மேலே உள்ள ஈரம் போக நிறையக் காற்று வேண்டும். கடைசிப் பகுதியில் குறைவாகப் போதும். விசிறிக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று பூட்டலாம். விசிறியின் வேகத்தை நூறிலிருந்து எண்பதாகக் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும். பகலில் சூரியன் தரும்போது முழு வேகம், இரவில் மெதுவாக. பற்றரியே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? அந்தத் தேயிலையின் ருசியும் நிறமும் மாறாமல் இருக்குமா?

அதுதான் எங்கள் கேள்வி. இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக இதை எழுதினோம். எழுதிய ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் டீமேக்கர் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் “ருசி மாறினா நான் ஒப்புக்க மாட்டேன், அதையும் போடுங்க” என்றார். போட்டோம். ருசி பார்ப்பவரின் மதிப்பெண் ஒரு அளவீடாக உள்ளே வந்தது. மதிப்பிட்டவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார்கள்.

உங்கள் கேள்வி இதுவாக இருக்க வேண்டியதில்லை. மூடுபனி ஈரத்தில் பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிப்பதை எப்படித் தடுப்பது, நூறு வருடப் பழைய தகரக் கூரை எவ்வளவு பாரம் தாங்கும், பாடசாலைக் கூரையில் மின்னல் பாதுகாப்பை மலிவாகச் செய்வது எப்படி, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்: பதில் கிடைத்தால் கொப்பிக் கணக்கில் எந்த வரி, எத்தனை ரூபாவால் மாறும்? மாறாது என்றால் அது வேறு பணத்துக்குரிய கேள்வி.

யாரோடு சேருவது

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரே போங்கள், கையில் அளவீட்டோடு போங்கள். நான் பேராதனைக்குப் போனபோது மூன்று இரவுகளின் மீற்றர் வாசிப்பு ஒரு கொப்பியில் இருந்தது, வேறெதுவும் இல்லை. அந்த விரிவுரையாளர் மேடம் என் அறிமுகத்தைக் கேட்கும் முன்னால் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, “இந்த ரெண்டு மணி இறக்கம் என்ன?” என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு தொடங்கியது.

மலைநாட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனின் குழு, திரவம் இல்லாத சாயச் சூரியக் கலத்தை, அதாவது வெளிச்சத்தைச் சாயத்தால் பிடித்து மின்சாரமாக்கும் கலத்தை, 1995இலேயே செய்து உலகத்துக்குக் காட்டியது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1920களிலிருந்து வந்த பரம்பரை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். பல்கலைக்கழகங்களில் தொழிற்துறையை இணைக்கவென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் அங்கே போய்ப் பெயரைப் பதியுங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

பணம் தருகிற பக்கம், தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிச் சபையும் ஆராய்ச்சி மானியங்களுக்கு விண்ணப்பம் கோரும். தொழிற்துறையும் அரசு நிறுவனமும் சேர்ந்து செய்யும் வேலைக்கென்று தனி வகை இருக்கிறதா என்று ஒவ்வொரு அழைப்பிலும் பாருங்கள். மாதிரி இயந்திரம் ஒன்றைச் செய்து பார்க்க ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையத்தை அணுகலாம். வலையமைப்போடு இணைக்கும் வேலை இருந்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையையும் மின் வழங்குநரையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பின் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடப் படிவத்தில் எழுதத் தொடங்கி ஒரு வாரத்தை நாங்கள் வீணாக்கியிருக்கிறோம்.

சேருகிறவரிடம் முதல் நாளே மூன்று விஷயம் பேசுங்கள். அவருக்கு என்ன வேண்டும்? பெரும்பாலும் ஒரு ஆய்வுக் கட்டுரையும் ஒரு மாணவருக்குப் பட்டமும். உங்களுக்கு என்ன வேண்டும்? விலை குறைந்த யூனிட், நாளைக்கு விற்கக்கூடிய ஒரு முறை. கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்? மூன்றாவதைப் பேச எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாமல் பேசி, புரிந்துணர்வு உடன்படிக்கையில் எழுதுங்கள். கட்டுரை வெளியாகுமுன் எத்தனை நாள் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அதில் போடுங்கள். உபவேந்தரின் கையெழுத்துக்கு இரண்டு மாதம் பிடிக்கலாம். ஆகவே அழைப்பு வரும் முன்னாலேயே உடன்படிக்கையைத் தயாராக வையுங்கள்.

மூன்றாவது ஆள் தோட்டம். இதை மறந்து தவித்தவர்கள் பலர். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. தோட்டத்துத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், நல்லவராக இருந்து “செய்யுங்க” என்று சொன்னாலும் போதாது. கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து, கூரையை எத்தனை வருடம் பயன்படுத்தலாம், அளவீடுகளை வெளியிடலாமா என்று எழுதிய கடிதம் வேண்டும். துரை மாறிப் போவார், கடிதம் இருக்கும்.

இந்த இடத்தில் மனதில் உள்ள ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. லயத்தில் இருக்கிற குடும்பத்துக்குக் கூரை சொந்தமில்லை. 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்த இடங்களில் மட்டும்தான் தன் கூரையில் தானே சோலார் போடலாம் என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் ‘பயன்பெறுவோர்’ என்ற பகுதி வரும்போது தோட்ட மக்களின் பெயரைச் சும்மா எழுதிவிட்டுப் போகாதீர்கள். உண்மையில் அவர்களுக்கு என்ன போகும் என்று எழுதுங்கள். நாங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் நான்கு பிள்ளைகளுக்கு அளவீட்டுக் கருவி பழக்குவதையும், அதற்குக் கூலி கொடுப்பதையும் பாதீட்டில் தனி வரியாகப் போட்டோம்.

பாதீடு

உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்பார்கள். கையில் காசு இல்லை என்று பயப்பட வேண்டாம். தொழிற்சாலை தரும் இடம், டீமேக்கரின் மணித்தியாலங்கள், உங்கள் வேன் ஓடும் தூரம், உங்கள் எலெக்ட்ரீசியனின் சம்பளம் எல்லாம் பங்களிப்புதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கடிதமும் கணக்கும் வேண்டும். அழைப்பு காசுப் பங்கையும் கேட்டால், கேட்டபடி போட முடியுமா என்று வீட்டிலும் வங்கியிலும் பேசிவிட்டு எழுதுங்கள்.

பேனலுக்குக் கேட்கும் பணம் சிறியதாக இருக்கட்டும். அளப்பதற்குக் கேளுங்கள்: வெயில் அளக்கும் கருவி, ஒவ்வொரு விசிறிக்கும் தனி மீற்றர், வெப்பமும் ஈரப்பதனும் பதியும் கருவி, மாணவரின் கொடுப்பனவு, பஸ் செலவு. இறக்குமதிக் கருவியென்றால் விலைமனு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரத்தில் 300ஐத் தாண்டியபோது, பழைய விலைமனுவை நம்பியிருந்தவர்கள் பாதிக் கருவியோடு நின்றார்கள்.

அரசு நிறுவனம் வழியாக வாங்கும் கருவிக்குப் பெறுகை விதிகள் உண்டு. மூன்று விலைமனு, குழுக் கூட்டம், கையெழுத்துகள். எங்களுக்கு முதல் தவணை நான்கு மாதம் பிந்தியது. நான் என் தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் கால அட்டவணையில் முதல் நான்கு மாதத்துக்கு, வாங்க வேண்டிய கருவி எதையும் நம்பாத வேலைகளைப் போடுங்கள்: இருக்கிற மீற்றரைக் குறித்தல், கூரையை அளத்தல், பழைய மின்சாரப் பட்டியல்களைத் தேடி எடுத்தல்.

ஒரு முழு வருடம்

இடைக்கால அறிக்கைக்கு அவசரப்பட்டு மூன்று மாத அளவீட்டோடு முடிவு சொல்லிவிடாதீர்கள். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம். நாள் கணக்கில் சூரியனைக் காண மாட்டோம். அதே மாதங்களில் பண்டாரவளையில் கச்சான் காற்றும் வெயிலும். அங்கே மழை வடகீழ்ப் பருவத்தோடு வரும். ஜனவரியில் ஹட்டனில் எடுத்த எண்ணை வைத்து ஊவாவுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கும். முடிந்தால் மலையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு தொழிற்சாலையை எடுங்கள்.

எங்களுக்கு வந்த பெரிய ஏமாற்றமும் இங்கேதான். பருவ மழையில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில்தான் கொழுந்து வாட அதிக நேரம் எடுக்கும், விசிறி அதிகம் ஓடும். அந்த நாட்களில்தான் பேனல் எதுவும் தராது. சூரியன் அதிகம் வேண்டிய நாளில் சூரியன் இல்லை. ஜூலை மாத அட்டவணையைப் பார்த்தபோது மாணவன் முகம் தொங்கிப் போய்விட்டது. “அக்கா, இதைப் போட்டா நம்ம திட்டம் தோத்த மாதிரி தெரியுமே” என்றான். அப்படியே போட்டோம், வரைபடத்தோடு. விசிறி வேகக் கருவி மட்டும் தனியாக, சூரியன் இல்லாத மாதங்களிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது அந்த அட்டவணையில்தான் தெரிந்தது. அந்தத் தோட்டத்துக்கு முதல் முதலீடு பேனல் இல்லை, வேகக் கருவி என்ற முடிவு அங்கிருந்து வந்தது. மழை மாத எண்களை மறைத்திருந்தால் அது எங்கள் கையில் கிடைத்திருக்காது.

விண்ணப்பத்திலேயே நிறுத்தும் புள்ளிகளை எழுதிவையுங்கள். ஆறாம் மாதத்தில் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் இந்த வழியை விட்டுவிட்டு அந்த வழிக்குப் போவோம் என்று. மதிப்பிடுபவர்களுக்கு அது நம்பிக்கை தரும். மாணவர்களுக்கும் பயம் போகும்.

இறுதி அறிக்கையில் கொப்பிக் கணக்கை மறுபடி போடுங்கள். தொடங்கியபோது ஒரு யூனிட் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்த வரியில் குறைந்தது, வட்டியை மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரே பக்கத்தில். அதன் ஒரு பிரதியை வங்கிக்குக் கொடுங்கள். மூடுபனி என்று சொன்ன அந்த முகாமையாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூலை மாதத்தை விரலால் தொட்டுக் காட்டிச் சில கேள்விகள் கேட்டார், பன்னிரண்டு மாதத்தையும் பார்த்தார், பிரதியைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இன்னொரு பிரதியைத் தமிழில் எழுதித் தொழிற்சாலைக்குக் கொடுங்கள். எங்களுடையதை டீமேக்கர் ஐயா வாட்டு மாடிப் படியோரம் ஒட்டிவைத்தார். கீழே பென்சிலால் அவர் இப்போதும் ஒவ்வொரு மாதமும் விசிறி மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறார். தாளில் இடம் முடிந்து, பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியாகிவிட்டது.